ஒற்றைக் குருத்தும் ஓயாத கன்றும்

தார் வெட்டிய கையோடு வாழையையும் சாய்த்துவிடுகிறார்கள். யாரும் அதற்காக வருந்துவதில்லை. அடியில் இடுப்புயரக் கன்று ஒன்று அடுத்த தாருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதே தோட்டத்து வரப்பில் நிற்கும் பனையின் உச்சியில் கை வைத்தால் நடப்பதே வேறு. ஓலைகளுக்கு நடுவே வெளிறி நிற்கும் குருத்தை அடியோடு வெட்டி எடுத்துவிட்டால் போதும், நூறாண்டு நின்ற மரமும் அதோடு முடிந்தது. வேருக்கு ஒரு குறையும் இராது. உடம்பில் ஒரு கீறல் இராது. இருக்கிற ஓலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து விழும். புதிதாக ஒன்றும் வராது. பக்கத்தில் கிளை வெடிக்காது, அடியில் கன்றும் கிளம்பாது. மாதங்கள் சென்றபின் வெறும் தூண் மட்டும் மிஞ்சும்.

இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள். இரண்டுமே கிளை விடாமல் உயர்ந்து, உச்சியில் பெரிய இலைகளை விரிப்பவை. ஆனால் ஒன்று எத்தனை முறை வெட்டினாலும் வருகிறது. மற்றது ஒரே வெட்டில் போய்விடுகிறது. எல்லாம் குருத்து எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, அதை எப்போது பூவாகச் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தாவரத்தின் உருவத்தையும் ஆயுளையும் இந்த மூன்று கேள்விகளைக் கொண்டே பெருமளவு புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முட்டைக்கோஸ் ஒன்றை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால், இலை மேல் இலையாகச் சுற்றியிருக்கும் அடுக்குகளின் நடுவே, குட்டைத் தண்டின் நுனியில் அந்த இடம் தெரியும். காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃப் என்ற ஜெர்மானிய இளைஞர் 1759இல் முட்டைக்கோஸின் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தார். விதைக்குள்ளோ கருவுக்குள்ளோ முழு உயிரும் மிகச் சிறிய வடிவில் ஏற்கெனவே மடங்கிக் கிடக்கிறது, வளர்வதென்றால் அது விரிவதுதான் என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. வோல்ஃப் கண்ட நுனியில் மடங்கிய இலை எதுவும் இல்லை. உருவமற்ற மென்மையான திசு மேடு ஒன்றுதான் இருந்தது. அதன் ஓரங்களில் புடைப்புகள் எழுந்தன. அவையே பின்னால் இலைகளாயின. இலை அங்கே முன்கூட்டியே இருக்கவில்லை, அப்போதுதான் உண்டாகிக்கொண்டிருந்தது.

அந்த மேடு பெரும்பாலான செடிகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே இருக்கும் செல்கள் இன்னும் எதுவாகவும் ஆகாதவை; பிரிந்துகொண்டே இருப்பவை. ஓரத்துக்குத் தள்ளப்பட்டவை இலையாகின்றன, கீழே விடப்பட்டவை தண்டாகின்றன. நடுவில் இருப்பவை மட்டும் அப்படியே இருந்து, மேலும் செல்களைப் பெருக்குகின்றன. விலங்குகளின் உறுப்புத் திட்டம் கருவிலேயே வகுக்கப்பட்டுவிடுகிறது. மரமோ சாகும்வரை புதிது புதிதாக உறுப்புகளைச் செய்துகொண்டே இருக்கிறது. அதைச் செய்யும் இடம் இந்தக் குருத்து நுனிதான்.

இலை உண்டாகும்போது இன்னொன்றும் நடக்கிறது. இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கக்கத்தில், நுனியின் சிறு நகல் ஒன்று விட்டுவைக்கப்படுகிறது. அதுதான் பக்க மொட்டு. உச்சிக் குருத்து உயிரோடு இருக்கும்வரை, அங்கிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கிவைக்கிறது. உச்சியைக் கிள்ளினால் அடக்கம் தளர்கிறது. மல்லிகைக்குக் கவாத்து செய்வதும், முருங்கையைத் தறித்துவிடுவதும், துளசியின் நுனியைக் கிள்ளுவதும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

கக்கத்தில் மொட்டு இருக்கிறதா என்ற ஒரே சோதனையை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனால், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை வேறு வேறாகப் பிரியும். மண்ணுக்குள் விளைகிறது, எனவே வேர் என்று மஞ்சளை நினைப்பவர்கள் உண்டு. பச்சை மஞ்சளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள். ஒவ்வொரு வளையமும் ஓர் இலைச்செதில் இருந்த கணு. கணுவில் ஒரு மொட்டு. மஞ்சள் ஒரு தண்டு, படுத்துக்கொண்ட தண்டு. இஞ்சியும் அப்படியே. உருளைக்கிழங்கின் ‘கண்’ ஒவ்வொன்றும் கக்க மொட்டு. அதன் ஓரத்தில் புருவம் போலத் தெரியும் மெல்லிய வளைவு, இலை இருந்து உதிர்ந்த தடம். கண் இருக்கும்படி துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் செடியாகும்.

மரவள்ளியை இப்படி நட முடியாது. கைப்பருமனில் மாவு நிறைந்த கிழங்கு இருந்தாலும் அதில் கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. அது பருத்த வேர். அதனால்தான் மரவள்ளி பயிரிடுகிறவர்கள் கிழங்கை முழுக்க விற்றுவிட்டு, யாரும் தின்னாத குச்சியைப் பத்திரப்படுத்துகிறார்கள். கரணை போட்டு நடுவது அந்தக் குச்சியைத்தான். சர்க்கரைவள்ளி இடைப்பட்டது. அதுவும் வேர்தான், கணு இல்லை. ஆனாலும் ஈரம் கிடைத்தால் கண்ட இடத்தில் புது மொட்டுகளை உண்டாக்கிக்கொள்கிறது. இயற்கை எல்லைக்கோடுகளை நம் வசதிக்காகப் போட்டுவைக்கவில்லை. ரணகள்ளி இன்னும் ஒரு படி மேலே போய், இலை விளிம்பின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் வேரும் இலையுமாகக் குட்டிச் செடிகளைச் செய்து உதிர்க்கிறது. ஜெர்மன் கவிஞர் கதே இந்தச் செடியின் மேல் தீராத ஆசை கொண்டு, வளர்த்து, நண்பர்களுக்கு இலைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். செடியின் பக்க உறுப்புகள் எல்லாமே ஓர் அடிப்படை உறுப்பின் மாறுவேடங்கள் என்று 1790இல் நூல் எழுதியவர் அவர்.

மாறுவேடத்தில் வாழையை மிஞ்ச ஆளில்லை. நாம் மரம் என்று கட்டிப்பிடிப்பது மரமும் அல்ல, தண்டும் அல்ல. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிக்கொண்டு எழுப்பிய கோபுரம் அது. பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் சுருண்ட இளம் இலைதான் கையில் மிஞ்சும். உண்மையான தண்டு தரைக்குக் கீழே, தோட்டக்காரர்கள் கிழங்கு என்று சொல்லும் குட்டையான உருண்டைக் கட்டியாக இருக்கிறது. குருத்து நுனியும் அங்கேதான், தரை மட்டத்தில். தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் விரியும் ஒவ்வோர் இலையும் பாதாளத்தில் பிறந்து, முன்னே பிறந்தவற்றின் நடுக்குழாய் வழியாக ஏறி வந்தது. வாழையின் நடுவில் வெட்டினால் மறுநாளே வெட்டு முகத்தில் சுருள் ஒன்று விரலளவு எழுந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெட்டு விழுந்தது இலைகள் மேல்தான். நுனியைக் கத்தி தொடவே இல்லை. ஆடுமாடுகள் மேய்ந்தாலும் காற்று முறித்தாலும் வாழை திரும்ப வருவதற்கு இதுவே காரணம்.

நட்டு ஏழு, எட்டு, ஒன்பது மாதங்களில், முப்பதுக்கும் மேற்பட்ட இலைகளைச் செய்து முடித்த பிறகு அந்த நுனி குணம் மாறுகிறது. இலை செய்வதை நிறுத்திப் பூ செய்யத் தொடங்குகிறது. அதுவரை தரையோடு இருந்த தண்டு அப்போதுதான் முதன்முறையாக நீள்கிறது. இலைக் கோபுரத்தின் நடுவில் நுழைந்து, உச்சிவரை ஏறி, பூவோடு வெளியே வந்து தலைகவிழ்கிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு இதுதான். அந்தச் செடியில் தரைக்கு மேல் உள்ள தண்டு என்று சொல்லத்தக்கது இது ஒன்றே.

ஒவ்வொரு செந்நிற மடலும் ஒரு மாறிய இலை. அதன் கக்கத்தில் இரண்டு வரிசைப் பூக்கள். முதலில் விரியும் மடல்களின் கீழே இருப்பவை பெண் பூக்கள், அவை சீப்புகளாகின்றன. பிறகு வருபவை ஆண் பூக்கள். வாழைப்பூ என்று நாம் வாங்கிவந்து ஆய்வது அவற்றை. ஆயும்போது கள்ளன் என்று இழுத்தெறியும் தீக்குச்சி போன்ற தண்டு, ஆண் பூவிலும் மிச்சமிருக்கும் சூல்தண்டும் அதன் தலையும். அதோடு கழற்றும் கண்ணாடிச் செதில் ஒரு பூவிதழ். அங்கே சூல்தண்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் செடி அதைச் செய்துவைக்கிறது.

பெண் பூவில் சூல் இருக்கிறது, சூலகம் இருக்கிறது, பழமும் வருகிறது, விதைதான் இல்லை. காட்டு வாழைகளின் பழத்தில் பல்லை உடைக்கும் கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும், சதை கொஞ்சம்தான். மகரந்தம் விழாமலே சதை பருக்கும் குணம் கொண்ட செடிகளை மனிதர்கள் தேடிப் பிடித்து, அவற்றின் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டார்கள். பப்புவா நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரானதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. காலப்போக்கில் கலப்பில் பிறந்தவற்றுள் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை நிலைத்தன. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், செவ்வாழை, மொந்தன், கற்பூரவல்லி எல்லாம் இப்படிப்பட்டவை. இரண்டிரண்டாக இணைந்து பிரிய வேண்டிய குரோமோசோம்கள் மூன்றாக இருந்தால், பால் செல் உண்டாகும் கட்டத்தில் கணக்கு இடிக்கிறது. எனவே விதை கட்டுவதில்லை. பூவனின் சதையில் தெரியும் கரும்புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோன சூல்கள். கற்பூரவல்லியில் மட்டும் அபூர்வமாக ஒரு நிஜ விதை பல்லில் தட்டுப்படும்.

விதையை விட்டுவிட்ட செடிக்குக் கக்க மொட்டே கதி. கிழங்கின் பக்கங்களில் இருக்கும் மொட்டுகள் கன்றுகளாகக் கிளம்புகின்றன. ஈட்டி போன்ற குறுகிய இலையோடு வருவது ஈட்டிக்கன்று. தாயின் கிழங்கில் ஆழமாகப் பிடித்து, அடியில் தானும் நன்கு கிழங்கு வைத்திருக்கும். அகன்ற இலையோடு பார்க்கக் கொழுகொழுவென்று வரும் நீர்க்கன்றை அனுபவசாலிகள் தொடுவதில்லை. அகன்ற இலையை அவ்வளவு சீக்கிரம் விரிக்கிறதென்றால் தாயிடமிருந்து வருவது போதவில்லை, தானே சமைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று பொருள். ஈட்டிக்கன்றின் ஒடுங்கிய இலையோ தாய்ப்பாலில் வளரும் பிள்ளையின் இலை. நடவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக்கன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்தில் ஒரு பெரும் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் கன்று நட்டாலும் அவை மரபணுவில் ஒரே செடி. ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையை, மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் பனாமா வாடல் நோய் 1960களுக்குள் வணிகத்திலிருந்தே விரட்டிவிட்டது. நம் ரஸ்தாளியையும் அதே வாடல் விடாமல் துரத்துகிறது. குரோ மிஷேலின் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் அந்தப் பூஞ்சைக்குத் தாக்குப்பிடித்தது. இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை கேவண்டிஷையும் கண்டம் கண்டமாகத் தேடிவருகிறது. விதை வழிப் பெருக்கத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டு கலைக்கப்படும். எங்கோ ஒரு பிள்ளை நோய்க்குத் தப்பும். கன்று வழிப் பெருக்கத்தில் அந்தக் கலைப்பே இல்லை. போதாக்குறைக்குக் கன்று நோயையும் சுமந்துகொண்டு போகிறது. பழனி மலையின் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் நலியவைத்ததற்கு, அசுவினிப் பூச்சியோடு நோயுற்ற கன்றுகளும் காரணம்.

இந்தச் சிக்கலில் உதவிக்கு வந்ததும் குருத்து நுனியேதான். நுனி மேட்டுக்குள் சாறு கடத்தும் குழாய்கள் இன்னும் உருவாகியிருப்பதில்லை. அதனால் செடி முழுக்க வைரஸ் பரவியிருந்தாலும் கடைசி அரை மில்லிமீட்டர் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பிரான்சில் மொரெல், மார்த்தன் என்ற இருவர் 1952இல் நோயுற்ற டாலியாச் செடிகளின் நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, நோயற்ற செடிகளை எடுத்துக் காட்டினார்கள். இன்று திசு வளர்ப்புக் கன்று என்று குழித்தட்டுகளில் வாங்கிவரும் வாழை அந்த வழியில் வந்தது. தாய்க் கிழங்கை வைரஸ் சோதனை செய்துவிட்டு, அதன் நுனியைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, மொட்டு மேல் மொட்டாகப் பெருக்குகிறார்கள். கன்று மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. இதுவும் வாழையடி வாழைதான், நகல்தான். புதிய வகைகளை உண்டாக்க வேண்டுமானால், திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைப் போன்ற இடங்களில், விதை கட்ட மறுக்கும் செடியைக் கொண்டு எப்படியாவது சில விதைகளைக் கட்டவைக்கும் பொறுமை வேலைதான் செய்ய வேண்டியிருக்கிறது.

நுனி பூவாக மாறினால் அங்கே அப்புறம் இலை இல்லை. மாறு என்று நுனிக்குச் சொல்வது யார்? 1930களில் சோவியத் விஞ்ஞானி மிகயில் சைலாக்யான் சாமந்தியை வைத்து இதற்கு விடை தேடினார். சாமந்தி பகல் குறுகும்போது பூப்பது. இலைகளுக்கு மட்டும் குறும்பகல் காட்டி, நுனிக்கு நெடும்பகல் காட்டினாலும் பூத்தது. இலைதான் காலத்தை அறிகிறது, அறிந்ததை ஏதோ ஒரு பொருளாக நுனிக்கு அனுப்புகிறது என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பொருளுக்கு ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்தார். பொருள் கையில் சிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. இலையில் உண்டாகி, சாறு கடத்தும் குழாய் வழியே நுனிக்குப் பயணிக்கும் ஒரு சிறு புரதம் அது என்று 2007இல் நெல்லிலும், கடுகுக் குடும்பத்துச் சிறு களையான அராபிடாப்சிஸிலும் காட்டினார்கள். நம் பழைய சம்பா நெல்வகைகள் எப்போது நட்டாலும் பகல் குறுகிய பிறகே கதிர் தள்ளுவதும் இதே தகவல் போக்குவரத்தால்தான்.

தகவல் வந்ததும் நுனி செய்யும் பூவும் புதிய உறுப்பு அல்ல. 1991இல் என்ரிகோ கோயனும் எலியட் மெயரோவிட்ஸும் மூன்று வகை மரபணுக்களின் சேர்க்கையே ஒரு வளையத்தைப் புல்லியாகவோ அல்லியாகவோ மகரந்தத் தாளாகவோ சூலகமாகவோ ஆக்குகிறது என்று விளக்கினார்கள். மூன்றையும் செயலிழக்கச் செய்தால் பூவின் இடத்தில் வெறும் இலைகள் முளைத்தன. கதே 200 ஆண்டுகளுக்கு முன் ஊகித்தது கண்ணெதிரே நின்றது.

வாழை தன் உச்சி நுனியையே பூவுக்குக் கொடுத்துவிடுகிறது. பக்க மொட்டுகள் இருப்பதால் அதற்குக் கவலையில்லை. பக்க மொட்டு கன்றாகாத ஒரு பனை இதையே செய்தால்? அப்படிச் செய்வதுதான் தாளிப்பனை, ஏடு எழுதும் மரபில் சீதாளம் என்று பெயர் பெற்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இந்தப் பெரும்பனை முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை இலை மட்டுமே செய்கிறது. உடம்பெங்கும் மாவைச் சேமிக்கிறது. பிறகு ஒரு நாள் நுனி பூவாகிறது. ஆறு, எட்டு மீட்டர் உயரத்துக்கு எழும் அந்தப் பூங்கொத்து தாவர உலகிலேயே பெரியது. பல லட்சம் சிறு பூக்கள். காய்கள் முற்ற ஓராண்டு பிடிக்கும். காய்கள் உதிரும்போது மரமும் செத்துக்கொண்டிருக்கும். கூந்தல் பனை, இலங்கையில் கித்துள் என்று சொல்வது, சற்று நிதானமாகச் சாகிறது. உச்சி வளர்ச்சி நின்றதும் மேல்கணுவில் முதல் பூங்கொத்து, அடுத்து அதற்குக் கீழ்க்கணுவில், பிறகு அதற்கும் கீழே என்று சில ஆண்டுகள் இறங்கிவந்து, அடிக்கொத்தோடு முடிந்துபோகிறது.

மூங்கிலின் கணக்கு இதைவிடக் கொடியது. மிசோரத்தின் காடுகளை நிறைத்திருக்கும் ஒரு மூங்கில் வகை ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து, காய்த்து, மடிகிறது. காயைத் தின்று பெருகும் எலிகள், காய் தீர்ந்ததும் வயல்களில் இறங்கும். 1959இல் அப்படி வந்த பஞ்சமும், அதை ஆட்சியாளர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்ற கோபமும் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் இயக்கத்துக்கு வித்திட்டன. 2007ஐ ஒட்டி மறுபடி பூத்தபோது அங்குள்ள அரசு முன்கூட்டியே தயாராக வேண்டியிருந்தது.

நம் பனை இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. உச்சி நுனியை அது பூவுக்குக் கொடுப்பதே இல்லை. பூ எல்லாம் கக்க மொட்டுகளிலிருந்து வருகிறது. ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் இருக்கும் மொட்டு, கிளையாக அல்ல, பாளையாக வெளிவரும்படி விதிக்கப்பட்டது. அதனால்தான் ஆண்டுதோறும் பூத்தும் பனை சாவதில்லை. அதனால்தான் தலை போனால் பிழைப்பதும் இல்லை. அடக்கம் தளர்ந்தாலும் எழுந்துவரப் பக்கத்தில் ஒரு குருத்தும் கிடையாது. எங்கேனும் அரிதாகக் கிளைத்த பனை ஒன்று தென்பட்டால் ஊர் கூடி வேடிக்கை பார்ப்பது அது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான்.

இந்த ஒற்றைக் குருத்தை நம்பி எழுப்பப்பட்ட உடம்பும் விசித்திரமானது. வேம்பும் புங்கமும் ஆண்டுதோறும் பட்டைக்கு உள்ளே புது மரத்தையும் புதுச் சாறுக் குழாய்களையும் வளர்த்துக்கொள்கின்றன. பனையில் அந்த வளர்திசு இல்லை. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படிகள் ஆறாமல் அப்படியே நிற்பதும் இதனால்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அடிமரத்தில் உருவான சாறுக் குழாய்ச் செல்கள் இன்றைக்கும் உயிரோடு இருந்து, ஓலையில் சமைத்த சர்க்கரையைச் சுமக்கின்றன. பனைகளின் உடற்கூறை ஆயுளெல்லாம் ஆராய்ந்த டாம்லின்சன், உயிரோடு இயங்கும் செல்களில் மிக நீண்ட ஆயுள் கொண்டவை இவையாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். பாளை சீவும் தொழிலாளி இடுக்கியால் நசுக்கி, நுனியை நாளுக்கு நாள் சீவிவிட்டுச் சேகரிக்கும் பதநீர் இந்தக் கிழட்டுச் செல்களின் வழியே வந்தது. பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சர்க்கரை அது.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பனையின் பாளையில் விரல் விரலாக நீண்ட கதிர்கள். அவற்றின் குழிகளுக்குள் சின்னஞ்சிறு பூக்கள். பெண் பனையில் பெரிய உருண்டைப் பூக்கள். மகரந்தம் வந்தால்தான் நுங்கு. பூக்கும் தாவரங்களில் ஒரு மகரந்தத் துகள் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுவருகிறது என்பதையும், இரண்டுக்குமே வேலை உண்டு என்பதையும் 1898இல் செர்கேய் நவாஷின் கண்டார். ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றது, சூலின் நடுவே இருக்கும் தாயின் இரண்டு உட்கருக்களோடு கூடி, கருவுக்கு உணவாகும் திசுவைத் தொடங்குகிறது. நுங்கு அந்த உணவுத் திசு. தாயின் பங்கு இரண்டும் தந்தையின் பங்கு ஒன்றும் சேர்ந்தது. முதலில் செல் சுவரே இல்லாமல் உட்கருக்கள் நீரில் மிதக்கும். பிறகு சுவர் எழும்பி வழுக்கையாகும். விட்டால் தந்தம் போல் இறுகிவிடும். நாம் சித்திரை வெயிலில் தோண்டிச் சாப்பிடுவது, இன்னும் பிறக்காத ஒரு பனையின் கட்டுச்சோறு.

ஆவணியை ஒட்டிப் பனம்பழம் உதிர்கிறது. மழை ஈரத்தில் கொட்டை முளைக்கும்போது நடப்பதைத் தாவர உலகின் மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடுகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். பயறு முளைத்தால் குருத்து மேலே போகும். பனை முளைத்தால் குருத்து கீழே போகிறது. வித்திலையின் காம்பு ஒரு குழாயாக நீண்டு, கொட்டையின் கண் வழியே வெளியேறி, நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது வேரும் குருத்தும் கொண்ட கருவின் அச்சு. ஓர் அடி, ஒன்றரை அடி, மண் இளகியிருந்தால் அதற்கும் கீழே கொண்டுபோய் இறக்கிய பிறகே முளை தன் வளர்ச்சியைத் தொடங்குகிறது. வித்திலையின் மறுமுனை மேலே கொட்டைக்குள்ளேயே தங்கி, பஞ்சு போல் வீங்கி, தந்தமாய் இறுகிய சோற்றைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. கொட்டையை உடைத்து எடுத்துச் சாப்பிடும் தவுண் அந்த உறிஞ்சு உறுப்பு. முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் பூவும் அதுவே.

அனுப்பப்பட்ட உணவு கீழே மாவாகத் தேங்குகிறது. அதுதான் பனங்கிழங்கு. அவித்த கிழங்கில் நாம் உரித்தெறியும் பழுப்புத் தோல், வித்திலைக் குழாயின் உறை. மாவுச் சதை, முளையின் முதல் இலையுறை. பிளந்ததும் நடுவில் ஈர்க்குப்போல் வரும் குருத்து, அடுத்த இலை. வேரும் இல்லை, தண்டும் இல்லை. நாம் தை மாதத்தில் கட்டுக்கட்டாக வாங்கிவருவது மடங்கிய இலையைத்தான். பனங்கிழங்குப் பாத்தியை மணலால் உயர்த்திக் கொட்டுவதும் குழாய் தடையின்றி இறங்கட்டும் என்றுதான். மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணும், குட்டையாகும்.

இத்தனை ஆழம் எதற்கு? பனை வறண்ட புல்வெளிகளுக்குரிய மரம். அங்கே கோடையில் மேல்மண் பொடியாகும், புல்லில் தீ ஓடும், கால்நடை மேயும். முதல் ஓலை கருகினாலும் கடிபட்டாலும் குருத்து ஓரடி ஆழத்தில் குளிர்ந்த மண்ணுக்குள் இருக்கிறது. அடுத்த ஓலையை அனுப்பும். மாற்றுக் குருத்து இல்லாத மரம், தன் ஒரே குருத்தைச் சிறு வயதில் வைத்துக் காப்பது இப்படி. பிறகும் அவசரப்படுவதில்லை. வடலிப் பருவம் பல ஆண்டுகள். பின்னால் தடிக்க முடியாத மரம் ஆதலால், முழுப் பருமனையும் தரைமட்டத்திலேயே எட்டிக்கொண்டு, அதன் பிறகே உயர்கிறது. வளர்ந்த பின் குருத்தைக் காப்பது உயரமும், மட்டை விளிம்பின் கருக்கும்.

விதையைத் தவிர வேறு வழியில் பெருகாத மரம் என்பதால், பனை நடுகிறவருக்கு ஒரு தேர்வுரிமை கிடைப்பதில்லை. பேரீச்சையும் ஆண், பெண் வேறுபட்டதுதான்; ஆனால் அடியில் கன்று விடும். அரபு விவசாயிகள் பெண் மரத்துக் கன்றுகளை மட்டும் பிரித்து நட்டு, மகரந்தத்துக்கு ஓரிரு ஆண் மரங்களை வைத்துக்கொண்டார்கள். விதையிலிருந்து வந்தால் அவர்களுக்கும் தெரியாது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் முளைக்கவைத்தார்கள். உலகமே பழத்துக்குக் காத்திருக்க, பூத்தபோது அது ஆண் என்று தெரிந்தது. பனையில் ஒவ்வொரு கொட்டையும் இப்படித்தான். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் கழித்து முதல் பாளை வெளிவரும்வரை ஆணா பெண்ணா என்று தோற்றத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டுக்கென ஒரு திட்டம் அறிவித்து, 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் வழங்க முனைந்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியையும் கட்டாயமாக்கியது. கன்றைவிட விதை அத்தனை மடங்கு இருப்பதைப் பனையின் உடற்கூறு அறிந்தவர்கள் சரியென்றே சொல்வார்கள். பையில் வளர்த்த பனங்கன்றின் குழாய் பையின் அடியில் முட்டி மடங்கும். மண்ணில் பெயர்த்தால் கருவின் அச்சே அறுபடும். ஏரிக்கரையில், வரப்பில், எந்த இடத்தில் மரம் நிற்க வேண்டுமோ அந்த இடத்திலேயே கொட்டையைப் புதைப்பதுதான் முறை. மூன்று நான்கு மாதம் கழித்து ஆசைப்பட்டுத் தோண்டிப் பார்க்கக் கூடாது. தோண்டினால் வருவது கிழங்கு. அதற்குப் பிறகு அது மரமாகாது.